களைப்பூவுக்கு ஒரு மலையின் பெயர்

பெரியகுளத்து விதைகள் – 11

எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து கிளம்பிய முருங்கை விதை இந்த வாரம் பெரியகுளம் மண்ணில் விழும் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. “ஊரில் ஏற்கெனவே காய்த்துக்கொண்டிருந்த முருங்கைதானே? அதைக் கொண்டுவந்து நட்டுவிட்டு பி.கே.எம். 1 என்று பெயர் வைத்ததில் என்ன பெரிய சாதனை?” என்று கேட்கிறவர்கள் நம் வடகரையிலும் உண்டு, தென்கரையிலும் உண்டு. அன்னஞ்சித் தக்காளியைப் பற்றி எழுதியபோதும் இதே கேள்வி வந்தது. உள்ளூர் ரகத்தில் திடீர் மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து பொறுக்கியெடுத்தது அது. முருங்கையோ வெறும் பொறுக்கல், தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கல்.

பொறுக்குவது சாமானிய வேலை என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வாரம் ஒரு பூவைக் கொண்டுவருகிறேன். காய் இல்லை, கனி இல்லை, சாம்பாருக்கும் ஆகாது. டெய்சி. அதைச் செய்தவர்மேல் எனக்கு நெடுநாள் மயக்கம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் காரணம் தெரிந்திருக்கட்டும்.

லூதர் பர்பாங்க். பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதத்தைப் படித்தவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1946-ல் வந்த அந்தப் புத்தகமே இவர் நினைவுக்குத்தான் காணிக்கை. ரோஜாக்களுக்கு நடுவே ஒரு மகான் என்று அவருக்காகத் தனி அத்தியாயமும் உண்டு. முள் இல்லாத கள்ளியை உருவாக்கும்போது, பயப்படாதே, உனக்கு முள் வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செடியோடு பேசியதாக அதில் வருகிறது. நம் ஊரில் பர்பாங்க் என்றால் இந்தக் காட்சிதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. செடியோடு பேசிய பர்பாங்க்கைவிட, செடியை இரக்கமில்லாமல் பிடுங்கித் தீயில் போட்ட பர்பாங்க்தான் சுவாரசியமானவர்.

1849-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பதினைந்து பிள்ளைகளில் பதின்மூன்றாவதாகப் பிறந்தவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. டார்வினைப் படித்தார், தோட்டம் போட்டார். உருளைக்கிழங்குச் செடி அபூர்வமாக வைத்த ஒரு காயிலிருந்து 23 விதைகளை எடுத்து முளைக்கவைத்தார். அதில் ஒன்று உலகத்தையே ஆள வந்த கிழங்கு. அதன் உரிமையை கிரிகரி என்ற விதை வியாபாரிக்கு 150 டாலருக்கு விற்றார். கிரிகரியை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். கிழங்குக்கு பர்பாங்க்கின் பெயரையே வைத்தார், பத்துக் கிழங்குகளை அவரிடமே விட்டும் வைத்தார். அந்தப் பத்தோடு 1875-ல் ரயிலேறி, கலிபோர்னியாவில் சான்டா ரோசா என்ற சிற்றூருக்கு வந்து சேர்ந்தார் பர்பாங்க். இன்று உலகமெங்கும் கடைகளில் தின்கிற பிரெஞ்சு ஃப்ரைஸில் பெரும்பங்கு அந்தக் கிழங்கின் வழித்தோன்றலான ரஸட் பர்பாங்க். வந்த பணம் 150 டாலரோடு சரி.

டெய்சிக்கு வருவோம். மாசசூசெட்ஸ் புல்வெளிகளில் ‘ஆக்ஸ்-ஐ டெய்சி’ என்று ஒரு காட்டுப்பூ உண்டு. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களோடு வந்து, அங்கே களையாகப் பரவிய செடி. மாட்டுத் தீவனத்தில் கலந்து கெடுக்கிறது என்று விவசாயிகள் அதைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். பர்பாங்க்குக்கோ அது பிறந்த ஊர்ப்பூ. விதையை வரவழைத்து 1884 வாக்கில் கலிபோர்னியாவில் விதைத்தார். அவருக்கு வேண்டியது என்ன என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பூ பெரிதாக இருக்க வேண்டும். காம்பு நீளமாக, வழவழப்பாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் பூக்க வேண்டும், பறித்துத் தண்ணீரில் வைத்தால் வாடாமல் நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளை. பழுப்போ மஞ்சளோ ஒரு துளியும் கலக்காத வெள்ளை.

இங்கே தொழில்நுட்பம் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஆயுத பூஜை மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். டெய்சியும் அதே குடும்பம்தான். நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு பூக்களின் கூட்டம். டெய்சியின் வெளிவட்டத்தில் இதழ்போல நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. அதில் பெண் பாகம் மட்டும். நடுவில் மஞ்சள் வட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருப்பவை இருபாலும் சேர்ந்த பூக்கள். தக்காளியிலோ கத்தரியிலோ கலப்பு செய்ய வேண்டுமென்றால் மொட்டைப் பிரித்து மகரந்தப்பையைக் கிள்ளிவிடலாம். கடுகைவிடச் சிறிய இந்தப் பூக்களில் எதைக் கிள்ளுவது? பர்பாங்க் கண்ட வழி தண்ணீர். இந்தக் குடும்பத்தில் ஆண் முந்திக்கொள்ளும். முதலில் மகரந்தம் வெளியே தள்ளப்படும். சூல்முடி அதற்குப் பிறகுதான் விரியும். அந்த இடைவெளியில் மெல்லிய நீர்த்தாரையைப் பாய்ச்சி மகரந்தத்தைக் கழுவிவிட்டு, பூ உலர்ந்ததும் வேறு செடியின் மகரந்தத்தைத் தடவினார். இடுக்கியும் பூதக்கண்ணாடியும் கேட்கிற வேலையை ஒரு ரப்பர் குழாய் முடித்துவிட்டது.

களைப்பூவோடு முதலில் சேர்த்தது, இங்கிலாந்துத் தோட்டங்களில் வளர்ந்த ஒரு பெரிய டெய்சியை. சொந்த ஊர் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவிலுள்ள பிரனீஸ் மலை. பூ பெரிதானது. பிறகு போர்ச்சுகல் நாட்டு டெய்சியின் மகரந்தம் வந்தது. இன்னும் பெரிதானது. நாற்றுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. வரிசை வரிசையாக நடந்து, பத்துப் பதினைந்தை வைத்துக்கொண்டு மீதியைப் பிடுங்கி எரித்தார். மறுவருடம் அந்தப் பதினைந்தின் விதை, மறுபடியும் ஆயிரம், மறுபடியும் தீ. அக்கம்பக்கத்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். எரிவது எல்லாம் நல்ல செடி, சந்தைக்குக் கொண்டுபோனால் காசாகும். “கொஞ்சம் நல்லது” என்பதை வைத்துக்கொள்கிறவன் “மிக நல்லதை” ஒருநாளும் பார்க்க மாட்டான் என்பது அவர் கட்சி. நான் அவர் கட்சி. வயலில் கைவசம் இருப்பதையெல்லாம் காப்பாற்ற நினைக்கும் நம் சுபாவத்துக்கு இந்த நெருப்பு புரியாது.

எத்தனை எரித்தும் வெள்ளை மட்டும் சரியாக வரவில்லை. கூர்ந்து பார்த்தால் ஒரு மங்கல். கடைசியில் ஜப்பானிலிருந்து ஒரு கடற்கரை டெய்சியின் விதையை வரவழைத்தார். செடி முரடு, பூ சிறிசு. வெள்ளை மட்டும் கண்ணைக் கூசும் வெள்ளை. அதன் மகரந்தத்தைச் சேர்த்த பிறகு சில வருடங்களில், கேட்டது அத்தனையும் ஒரே செடியில் வந்து நின்றதாக பர்பாங்க் எழுதுகிறார். 1901-ல் வெளியிட்டார். விதைத்த நாளிலிருந்து பதினேழு வருடம். பெயர் ஷாஸ்தா டெய்சி. கம்பம் வழியாகச் சபரிமலை போகிறவர்கள் குழம்ப வேண்டாம். ஷாஸ்தா என்பது கலிபோர்னியாவின் வடகோடியில் 14,000 அடிக்கு மேல் பனி மூடி நிற்கும் மலை.

ஒன்றைக் கவனியுங்கள். மெண்டலின் பட்டாணிக் கணக்கை உலகம் மறுபடி கண்டெடுத்தது 1900-ல். அதாவது இந்தப் பதினேழு வருடத்தில் பதினாறை, பாரம்பரியம் எப்படி இறங்குகிறது என்ற அடிப்படை விதியே கையில் இல்லாமல் கடந்திருக்கிறார். அந்த விதி வந்த பிறகும் அவருக்கு அது ஒட்டவில்லை. சூழலால் செடி பெற்ற குணம் வாரிசுக்கும் இறங்கும் என்று கடைசிவரை நம்பினார். அது தவறு. தவறான கொள்கையோடு சரியான செடியைப் பிடித்தார். கண்ணுக்குக் கொள்கை தேவைப்படவில்லை.

அடுத்த பத்துப் பதினைந்து வருடம் பர்பாங்க் அமெரிக்காவின் சினிமா நட்சத்திரம்போல. மெண்டலை மறுபடி கண்டெடுத்த மூவரில் ஒருவரான ஹியூகோ டி வ்ரீஸ் 1904-ல் சான்டா ரோசாவுக்கே வந்து பார்த்தார். எடிசனும் ஃபோர்டும் 1915-ல் வந்தார்கள். அந்தப் புகழை மோப்பம் பிடித்து இன்னொரு கூட்டமும் வந்தது. அவர் பெயரில் 1912-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்து, பொதுமக்களிடம் பங்கு விற்றார்கள். முள்ளில்லாக் கள்ளிக்கு அப்போது ஏகப்பட்ட கிராக்கி. பாலைவனத்தில் மாட்டுக்குத் தீவனம் ஆகும் என்ற கனவு. கள்ளி போதவில்லை. சாதாரண முள்கள்ளியை வாங்கி, முள்ளை உராய்ந்து எடுத்துவிட்டு, பர்பாங்க் கள்ளி என்று அனுப்பினார்கள். நட்ட இடத்தில் புதுத் துளிர் முள்ளோடு வந்தது. கம்பெனி சில வருடங்களில் திவால். இந்தக் கதையில் அக்மார்க் வில்லன்கள் இவர்கள்தான். எனக்கு ஆறாத விஷயம், ஊர் சிரித்தது அவர்களைப் பார்த்து அல்ல, பர்பாங்க்கைப் பார்த்து.

ஜார்ஜ் ஷல்லை எந்தப் பக்கம் வைப்பது? முடிவு செய்வது சிரமம். கார்னெகி நிறுவனம் வருடத்துக்கு 10,000 டாலர் வீதம் 1905 முதல் பர்பாங்க்குக்கு மானியம் கொடுத்தது. கூடவே, அவர் முறையை எழுத்தில் பதிவு செய்ய ஷல் என்ற இளம் விஞ்ஞானியையும் அனுப்பியது. ஷல் கேட்டது: எந்தத் தாய், எந்தத் தந்தை, எந்த வருடம், எத்தனை நாற்று? பர்பாங்க்கிடம் இருந்தது: கிறுக்கல், நினைவாற்றல், இதையெல்லாம் கேட்டால் செடியை எப்போது பார்ப்பது என்ற எரிச்சல். மானியம் ஐந்து வருடத்தில் நின்றது. ஷல் எழுத வேண்டிய பெரிய அறிக்கை வெளிவரவே இல்லை. ஷல்லைச் சாதாரண ஆள் என்று எண்ண வேண்டாம்; இன்று நாம் பார்க்கும் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு அடிப்படை போட்டவர்களில் முதன்மையானவர் அவர். ஒருவர் நோட்டு இல்லாமல் பூவைச் செய்தார், மற்றவர் நோட்டு போட்டே சோளத்தை மாற்றினார். இருவரும் ஒரே தோட்டத்தில் வருடக்கணக்காக மல்லுக்கட்டினார்கள்.

என் மயக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னால், ஷல் பக்கம்தான் நியாயம். காரணம் ஷாஸ்தா டெய்சியேதான். இன்றைய தாவரவியல் பட்டியல்களில் அதன் பெற்றோர் என்று போடப்படுவது இரண்டே பெயர்: பிரனீஸ் டெய்சியும் போர்ச்சுகல் டெய்சியும். ஊர்க் களைப்பூவைக் காணோம். ஜப்பான் டெய்சியையும் காணோம். களைப்பூவின் செல்லில் 18 நிறப்புரிகள். போர்ச்சுகல் செடியில் 198. இவ்வளவு தூரத்தில் இருக்கிறவை கலந்து, தலைமுறை தாண்டி நிலைக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. ஜப்பான் செடியை வேறு பேரினத்துக்கே மாற்றிவிட்டார்கள். அப்படியென்றால் அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? பதினேழு வருடத்தில் தேனீ கொண்டுவந்ததா, பொறுக்கலில் வந்ததா? ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால் ஒரு பக்கத்தைத் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

நம் நாட்டில் இந்தக் குடும்பத்தில் நடந்த வேலை பெரும்பாலும் செவ்வந்தியில். கோவை தந்த கோ 1 மஞ்சள், கோ 2 ஊதா. மதுரை தந்த எம்.டி.யு. 1 மஞ்சள். லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் பிடித்தது கோபால்ட் வழி. வேர்விட்ட துண்டுகளுக்குக் கோபால்ட்டின் காமாக் கதிர் காட்டினால், ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் வேறு நிறத்தில் பூக்கும். சமயத்தில் ஒரே பூவில் பாதி ஒரு நிறம், பாதி இன்னொன்று. மாறிய பகுதியை மட்டும் பிரித்து வளர்த்தெடுத்தால் புது ரகம். விதைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. செவ்வந்தி பக்கக் கன்றில் பெருகும் செடி. ஒருமுறை பிடித்த குணம் ஓடிப்போகாது. அதே நிறுவனத்தின் ஒரு வெள்ளைச் செவ்வந்திக்குத் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னியின் பெயர். சீலையம்பட்டி பூ மார்க்கெட்டில் பெயர் கேட்க மாட்டார்கள், மஞ்சளா வெள்ளையா, கிலோ என்ன விலை, அவ்வளவுதான். பூக்காரரைக் குறை சொல்லவில்லை. மாலை கட்டுகிறவருக்கு வம்சாவளி எதற்கு?

வம்சாவளி தேவைப்படுவது உரிமைப் பேச்சு வரும்போது. அமெரிக்காவில் செடிக்குக் காப்புரிமைச் சட்டம் வந்தது 1930-ல். பர்பாங்க் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இறந்தவர் பெயரில் 16 காப்புரிமைகள் கொடுத்தார்கள். உயிரோடிருந்தபோது கிழங்குக்கு 150 டாலர். நம் சட்டம் 2001-ல் வந்தது: பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். ரகம் உருவாக்கியவருக்கு மட்டுமல்ல, மூல விதையைக் காத்துவந்த உழவர்களுக்கும் பங்கு உண்டு என்கிறது. அதனால்தான் விண்ணப்பத்தில் தாய் தந்தை வரிசைகளின் முழு விவரத்தையும், அவை இந்தியாவில் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் எழுதச் சொல்கிறது. பெரியகுளத்துப் பதிவுகளில் அன்னஞ்சி என்ற ஊர்ப்பெயரும் எப்போதும்வென்றான் என்ற ஊர்ப்பெயரும் அழியாமல் இருப்பதன் அருமை இங்கேதான். சட்டம் கேட்பதற்கு முன்பே எழுதிவைத்தவர்கள் நம்மவர்கள். அந்தப் படிவத்தை பர்பாங்க்கிடம் நீட்டியிருந்தால், தாய்ச்செடி எந்த ஊர் என்ற கட்டத்தில் சந்தோஷமாகத் தன் சொந்த மாநிலத்தை எழுதியிருப்பார். மீதிக் கட்டங்களை ஷல்தான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு நிரப்பியிருக்க வேண்டும்.

(தொடரும்)