நான்கு ஆண்டு தாமதித்த மாற்றல்

1961 ஜூன் மாதம் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி தன் கேப்டனை நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, லூ ஃபான்டினாட்டோ என்ற அடிதடிக்குப் பேர்போன ஆட்டக்காரரை வாங்கிக்கொண்டது. கொடுக்கப்பட்டவர் டக் ஹார்வி. ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குத் தரப்படும் நாரிஸ் கோப்பையை அந்தப் பருவத்தில்தான் ஆறாவது முறையாக வென்றிருந்தார். முப்பத்தாறு வயதுக்காரரை விற்பது சாதாரண வியாபாரம் என்று ஒரு கட்சி. 1957இல் வீரர்களுக்குச் சங்கம் தொடங்கியதற்கு அவரைப் பழிவாங்கினார்கள் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அந்தக் கட்சியின் மீது வைக்கப்படும் பெரிய ஆட்சேபமே எனக்கு முதல் சாட்சியாகத் தெரிகிறது: பழிவாங்க ஏன் நான்கு ஆண்டு காத்திருந்தார்கள்?

இதற்கு விடை காண ஹார்வி பனித்தளத்தில் என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களில் அவர் ஒருவர். அந்தக் காலத்துத் தடுப்பாட்டக்காரர்களில் பெரும்பாலோர் எதிரியை இடித்துத் தள்ளி, ‘பக்’ எனப்படும் ரப்பர் வட்டை எப்படியாவது தூரத்தில் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றிருந்தவர்கள். ஹார்வி அவசரப்படவே மாட்டார். பக்கைத் தன் கோலுக்குப் பக்கத்திலேயே மட்டையில் வைத்துக்கொண்டு எதிரி நெருங்கி வரும்வரை நிற்பார். அவன் எட்டிப் பிடிக்கும் நேரத்தில், வேகமெடுத்து ஓடும் தன் முன்கள வீரரின் மட்டைக்கு அதைத் தட்டிவிடுவார். ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் கையில் இருந்தது. இது கோல் கணக்கில் ஏறாத உழைப்பு. 1,113 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் 88. எந்தப் பருவத்திலும் ஒன்பதைத் தாண்டியதில்லை. எதிரணி வீரர் தண்டனையாக வெளியே உட்காரும் இரண்டு நிமிடங்களில் மான்ட்ரியல் அணி இந்தப் பாணியில் கோல்மேல் கோலாக அடித்தது. 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக அந்த அணியின் ஷான் பெலிவோ 44 வினாடிகளில் மூன்று கோல் அடித்தார். கடைசியில் லீக் விதியையே மாற்றியது: 1956-57 பருவம் முதல், ஒரு கோல் விழுந்ததும் தண்டனையில் இருப்பவர் களத்துக்குத் திரும்பலாம்.

அதே பருவத்தில்தான் சங்கமும் பிறந்தது. லீக்கில் அப்போது ஆறே அணிகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வீரர் அணி விடும்வரை அந்த அணிக்கே உரியவர். ஓய்வூதிய நிதிக்கு வீரர்களின் சம்பளத்திலிருந்து பணம் போனது; அதன் கணக்கை முதலாளிகள் காட்டவில்லை. கணக்கைக் கேட்டவர்கள் டெட்ராய்ட்டின் டெட் லிண்ட்சேயும் ஹார்வியும். களத்தில் ஜென்மப் பகையாளிகளாக மோதிக்கொண்டவர்கள். 1957 பிப்ரவரியில் லிண்ட்சேயைத் தலைவராகவும் ஹார்வியைத் துணைத்தலைவர்களில் ஒருவராகவும் கொண்டு வீரர்கள் சங்கம் அறிவிக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் லிண்ட்சே, அடித்த கோலும் கோலுக்குச் செய்த உதவியும் சேர்த்து, 85 புள்ளிகள் எடுத்திருந்தார். அவருடைய ஆட்ட வாழ்விலேயே அதுதான் உச்சம். ஜூலையில் அவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். தரவரிசையில் கடைசியில் கிடந்த அணி அது. நம்மூர் அரசு அலுவலக பாஷையில் தண்ணியில்லாத காடு. சங்கத்தின் டொரான்டோ முகமான ஜிம்மி தாம்சனும் அதே கோடையில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். ஹார்வி மட்டும் அசையவில்லை. அசைத்திருந்தால் கனேடியன்ஸின் ஆட்டமே ஆட்டம் கண்டிருக்கும். 1956 முதல் 1960 வரை லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை அது தொடர்ந்து ஐந்து முறை வென்றது. 1961இல் அரையிறுதியில் தோற்றதும் அவருக்கு மாற்றல் வந்தது.

டெட்ராய்ட் முதலாளி செய்ததற்கு மான்ட்ரியல் நிர்வாகம் எப்படிப் பொறுப்பாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிலும் அங்கே பொது மேலாளராக இருந்த ஃபிராங்க் செல்கி மின்தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர். 1931இல் டொரான்டோவில் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கத்துக்குப் பணம் போதாமல் போனபோது, கூலியில் ஒரு பகுதியைப் பங்குகளாக வாங்கிக்கொள்ளும்படி தொழிற்சங்கங்களைச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. ஆனால் முதலாளியின் கட்டடம் எழச் சங்கத்தின் உதவியைக் கேட்பது ஒன்று, தன் அணிக்குள்ளேயே சங்கம் முளைப்பதைப் பொறுப்பது வேறொன்று. சங்கம் தொடங்கிய ஓராண்டுக்குள் ஆறு முதலாளிகளும் சேர்ந்துதான் அதை முடக்கினார்கள். 7,000 டாலர் குறைந்தபட்சச் சம்பளமும் ஓய்வூதியத்தில் சில சலுகைகளும் கொடுத்தார்கள்; சங்க அங்கீகாரம் மட்டும் கிடைக்கவில்லை.

வயதைப் பற்றிய வாதம் இன்னும் வலுவானது. அடுத்த பருவத்தில் ஹார்வி இல்லாமலேயே மான்ட்ரியல் முதலிடம் பிடித்தது. இளம் தடுப்பாட்டக்காரர்களும் வந்துகொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் அவருக்குச் சம்பளம் கூடியது, ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக இரட்டைப் பொறுப்பு கிடைத்தது. தண்டனை என்றால் இப்படியா இருக்கும்? சம்பளத்தைக் கூட்டியது வாங்கியவர், விற்றவரல்ல. அந்த வாங்கியவருக்கு விலை தெரிந்திருந்தது: முந்தைய ஆண்டு தகுதிச் சுற்றுக்கு வராத ரேஞ்சர்ஸ் 1962இல் வந்தது, ஹார்விக்கு ஏழாவது நாரிஸ் கோப்பையும் கிடைத்தது. வயது ஒரு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வயதானதால் அவர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்ற நிலை வந்தது. அந்த நிலை வந்த முதல் கோடையிலேயே வெளியேற்றினார்கள். ஆறு முறை நாரிஸ் வென்ற கேப்டனுக்கு ஈடாக ஃபான்டினாட்டோ ஒருவர் போதும் என்று கருதிய பேரத்தை வியாபாரக் கணக்கு மட்டும் விளக்கிவிடாது.

பின்னால் ஹார்வி சிறிய லீக்குகளில் ஊர் ஊராக ஆடினார். 1968இல் செயின்ட் லூயிஸ் அணிக்காக ஸ்டான்லி கோப்பை இறுதியில் மான்ட்ரியலையே எதிர்த்து ஆடித் தோற்றார். 44 வயதிலும் ஒரு முழுப் பருவம் ஆடினார். 1973இல் ஹாக்கி புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது விழாவுக்கே போகவில்லை. மான்ட்ரியல் அவருடைய 2ஆம் எண்ணை மரியாதையுடன் ஒதுக்கி வைத்தது 1985இல்தான். ஓய்வூதியக் கணக்கோ நீதிமன்றத்தில்தான் திறந்தது. டொரான்டோவின் பழைய தடுப்பாட்டக்காரர் கார்ல் ப்ரூவர் முன்னின்று நடத்திய வழக்கில், நிதியின் உபரிப் பணம் வீரர்களுக்கே சேர வேண்டும் என்று ஒன்டாரியோ நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. வழக்குத் தலைப்பில் முதலில் நிற்கும் பெயர் ஆண்டி பேத்கேட். ஹார்வி நியூயார்க்கில் பயிற்சி கொடுத்த வீரர். ஹார்வி 1989 டிசம்பரிலேயே இறந்துபோயிருந்தார்.