மர்ஃபி: முன்னொட்டை இழந்த ஒரு பெயர்

மர்ஃபி என்றதும் நம் வீட்டு முதியோர்க்கு நினைவில் எழுவது வானொலிப் பெட்டியும் அதன் விளம்பரக் குழந்தையின் முகமும். பிராங்க் மர்ஃபி என்பார் 1929இல் இங்கிலாந்தில் தொடங்கிய நிறுவனம் அது. இலக்கிய வாசகர்க்கோ சாமுவேல் பெக்கெட் 1938இல் வெளியிட்ட நாவல் நினைவுக்கு வரும். அயர்லாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் இதுவே. ஆயின் இந்த ஆங்கில வடிவத்துள் ஐரிஷ் மொழியைத் தேடிக் காண்பது எளிதன்று.

பழைய வடிவம் 'ஓ முர்கதா'. 'ஓ' என்பது பெயரனையும் வழித்தோன்றலையும் குறிக்கும். முர்கத் என்பது தனிமனிதன் பெயர். கடல், போர் என்னும் இரு சொற்கள் இணைந்தது. கடற்போர் வீரன் எனலாம். 'மாக்' என்றால் மகன். ('மக' என்னும் நம் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது கண்டு உறவு கற்பிக்க வேண்டா.) நம் தலைப்பெழுத்து தந்தையோடு நின்றுவிடும், ஐரிஷ் முன்னொட்டோ பதினோராம் நூற்றாண்டிலேயே பரம்பரைப் பெயராக உறையத் தொடங்கியது. லெய்ன்ஸ்டர் மன்னன் தியர்மத் மாக் முர்கதா இதற்குச் சான்று. அவன் முர்கத்தின் மகனல்லன். 1070இல் இறந்த முர்கத் அவனுடைய பாட்டன்.

அரசிழந்த தியர்மத், இங்கிலாந்து வேந்தன் இரண்டாம் ஹென்றியை நாடினான். அதன் விளைவாக 1169இல் வெக்ஸ்ஃபோர்டுக் கரையில் நார்மன் படை இறங்கியது. அவன் மகன் வழியினர் கவனா என்னும் வேறு பெயர் பூண்டனர். வெக்ஸ்ஃபோர்டு மர்ஃபிகள் அதே பெருங்குலத்தில் வேறொரு முர்கத்தின் வழியினர். கார்க் மாவட்டத்தார் வேறு; டைரோன் மாவட்டத்தாரோ 'ஓ' அல்லர், 'மாக்'. தொடர்பற்ற இக்குடிகளை ஒன்றாக்கியது ஆங்கில எழுத்துக்கூட்டலே.

பதினேழாம் நூற்றாண்டில் நிலமும் ஆட்சியும் கைமாறின. எழுத்தர்கள் செவிப்பட்டவாறு பெயர்களைப் பதிந்தனர். தொண்டையில் பிறக்கும் ஒலி 'ஃப' ஆயிற்று, 'ஓ' உதிர்ந்தது. அச்சத்தால் விட்டவரும் உண்டு, நயம் கருதி விட்டவரும் உண்டு. பெரிய இழப்பு இலக்கணத்தில் நேர்ந்ததென்றே கருதுகிறோம். ஐரிஷில் மகன் 'ஓ முரஹூ', மகள் 'நீ வுரஹூ', மனைவி 'பான் ஈ வுரஹூ'. மகர முதல் வகரமாகத் திரிவதைப் புணர்ச்சி படித்த நாம் வியப்பின்றி ஏற்போம். ஆங்கிலத்தில் மூவரும் மர்ஃபி.

நார்மன் படை இறங்கிய அதே வெக்ஸ்ஃபோர்டில் 1798இல் கிளர்ச்சி மூண்டபோது முன்னின்றவருள் இருவர் இப்பெயர் தாங்கிய பாதிரியார்கள். மைக்கேல் மர்ஃபி ஆர்க்லோ போரில் வீழ்ந்தார். ஜான் மர்ஃபியை டல்லோ ஊரில் தூக்கிலிட்டு, தலை கொய்து, உடலைக் கீல் பீப்பாயில் இட்டு எரித்தனர். பிந்தைய ஆங்கிலக் கொச்சையில் 'மர்ஃபி' என்றால் உருளைக்கிழங்கு. ஒரு குடிப்பெயரை அக்குடியின் வறிய உணவுக்குச் சூட்டிச் சிரித்த மனத்தை என்னென்பது!

1893இல் கேலிக் சங்கம் தோன்றியபின் மொழிப்பற்று வளர்ந்தது. ஓ'சல்லிவன், ஓ'கானர் போன்ற பெயர்கள் இழந்த முன்னொட்டை மீட்டுக்கொண்டன. ஓ'மர்ஃபி என எழுதுவோர் மட்டும் இன்றும் மிக அரியர். ஐரிஷில் பெயரெழுதும் குடும்பங்களில்தான் அந்த 'ஓ' திரும்புகிறது. உடன் மகளுக்குரிய 'நீ'யும்.