பெர்ல் ரெஜெக்ஸ் கொண்டு வரி வடிகட்டல்

உரைக்கோப்பை வரி வரியாகப் படித்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ரெஜெக்ஸ்) ஒன்றுக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடுப்பது அல்லது கழிப்பது வரி வடிகட்டல் எனப்படும். சர்வர் லாக் கோப்புகளில் பிழைச் செய்தி தேடுவோரின் அன்றாட வேலை இது. இதற்கான யூனிக்ஸ் கருவிகளுள் ஆற்றல் மிக்கது பெர்ல்.

ரெஜெக்ஸின் வேர் நரம்பியலில் இருக்கிறது. 1943இல் வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் இருவரும் நரம்பணு வலைகளுக்குக் கணித மாதிரி வகுத்தனர். அவ்வலைகள் எத்தகைய நிகழ்வுத் தொடர்களை இனங்காண வல்லவை என்று ஆராய்ந்த தர்க்கவியலாளர் ஸ்டீபன் கிளீனி, 1951இல் ராண்ட் நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கையில் 'ரெகுலர்' நிகழ்வுகளை வரையறுத்தார். இன்றும் நாம் இடும் * குறி அவர் வழி வந்தது. நரம்பை அறிய எழுந்த கணிதம் எழுத்தைத் தேடப் பயன்பட்டது கணினி வரலாற்றின் அழகான திருப்பம். 1968இல் கென் தாம்சன், ரெஜெக்ஸை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தேடும் முறையை வெளியிட்டார். அவருடைய 'எட்' எடிட்டரில், பொருந்தும் வரிகளையெல்லாம் அச்சிடும் கட்டளையே 1973இல் 'கிரெப்' என்னும் தனிக் கருவிக்குப் பெயர் தந்தது. 'செட்', 'ஆக்' ஆகியவை தொடர்ந்தன. இவற்றின் திறன்களை ஒரே மொழிக்குள் சேர்த்து லாரி வால் 1987 டிசம்பரில் பெர்லை வெளியிட்டார். 1994இல் வந்த பெர்ல் 5, முன்னோக்குச் சோதனை, குறைந்த அளவே பொருந்தும் குறிகள் ஆகியவற்றைச் சேர்த்தது.

கட்டளை வரியில் -n விருப்பத்தைக் கொடுத்தால், பெர்ல் ஒவ்வொரு வரியாக $_ மாறியில் வைத்துச் சோதிக்கும். ஒரு நேரத்தில் ஒரு வரியே நினைவகத்தில் இருப்பதால் பெருங்கோப்பும் சுமையாகாது. ஆனால் பெர்லுக்குள் உள்ள கிரெப் செயற்கூற்றிடம் கோப்பைக் கொடுத்தால் எல்லா வரிகளும் ஒருசேர ஏறிவிடும். ^# குறிப்பு வரிகளையும் ^$ வெற்று வரிகளையும் பிடிக்கும். விண்டோஸ் கோப்பை லினக்ஸில் திறந்தால் வரியிறுதியில் எஞ்சும் திரும்பற்குறியால் ^$ பொருந்தாது. 'வெற்று வரி போகவில்லை' என்பதற்கு இதுவே வழக்கமான காரணம். இரண்டு ரெஜெக்ஸ் அமைப்புகளுக்கு இடைப்பட்ட வரிகளை எடுக்க .. செயற்குறி உண்டு.

தமிழ்க் கோப்பை யூடிஎஃப்-8 என்று அறிவித்தே திறக்க வேண்டும். இல்லையேல் 'கோ' பெர்லுக்கு ஆறு பைட்டாகவே தெரியும். அறிவித்தாலும் அது இரண்டு குறிப்புள்ளிகள். ரெஜெக்ஸின் புள்ளிக்குறி (.) அவற்றில் ஒன்றையே விழுங்கும்.

பெர்லின் பின்வாங்கித் தேடும் முறையால், அடுக்கடுக்கான * குறிகள் சில வரிகளில் தேடலை நெடுநேரம் முடக்கக்கூடும்; அமைப்பைக் கவனமாக எழுதினால் தவிர்க்கலாம். 1997இல் பிலிப் ஹேசல் தொடங்கிய பிசிஆர்இ நூலகத்தின் வழி பெர்ல் பாணி ரெஜெக்ஸ் இன்று பிஎச்பி, குனு கிரெப் முதலியவற்றிலும் கிடைக்கிறது.