பரணை நிரப்பியது யார்?

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது நம் நாட்டுப் பழமொழி. இல்லறம் நடத்தியவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இவ்விரண்டு வகையிலும் தின்ன வல்ல பொருள் ஒன்று இன்று நம் இல்லங்களில் புகுந்திருக்கிறது. அதுவே கணிப்பொறி. அது தின்பது சோற்றை அன்று. தன் வயிற்றில் உள்ள இடத்தையே அது தின்கிறது.

சென்ற கோடையில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கணிப்பொறி, இனி இடமில்லை என்று கைவிரித்துவிட்டது. தாத்தாவின் கட்டுரைகளே காரணம் என்றான் பேரன். பேரனின் விளையாட்டுகளே காரணம் என்றேன் நான். இருவரும் சேர்ந்துதான் வீட்டையே குப்பை ஆக்குகிறீர்கள் என்று தீர்ப்புக் கூறினாள் என் மருமகள். வழக்கைத் தீர்க்க நாங்கள் வைத்த கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தோம். 300 கிகாபைட்டு வந்தது. பொறியோ 460 கிகாபைட்டு நிரம்பிவிட்டது என்றது. எஞ்சிய 160 யாருடையது? பரணில் நாம் ஏற்றாத மூட்டையை ஏற்றியவர் யார்?

வரலாற்று ஆசிரியனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும், அது தொடங்கிய இடத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவான். மாணவர்கள் பொறுத்தருள்க.

அமெரிக்க நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில் 1930-களின் தொடக்கத்தில் ரெனால்டு ஜான்சன் என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அறிவியல் கற்பித்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது செய்த குறும்பு ஒன்றை இங்குச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. தம் தமக்கையரைக் காண வரும் இளைஞர்களின் மோட்டார் வண்டிகளில், தீப்பொறி எழுப்பும் பிளக்கின்மேல் பென்சிலால் கோடு இழுத்துவிடுவாராம். பென்சிலின் கரி மின்சாரத்தைக் கடத்தும், ஆதலின் மின்சாரம் அக்கோட்டின் வழியே கசிந்துவிடும், வண்டி கிளம்பாது. ஆசிரியரான பின்னர் அந்தக் குறும்பே அவருக்குக் கைகொடுத்தது. மாணவர்கள் விடைத்தாளில் இட்ட பென்சில் குறிகளை மின்சாரத்தால் கண்டறிந்து மதிப்பெண் இடும் பொறியை அவர் அமைத்தார். விடைத்தாள் கட்டுகளைச் சுமந்து முதுகு வளைந்த எனக்கு, இவர் வணங்கத்தக்கவராகவே தோன்றுகிறார். ஐ.பி.எம். நிறுவனம் 1934-ஆம் ஆண்டில் அவரைத் தன்னிடம் அழைத்துக்கொண்டது.

1952-ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் சான் ஓசே நகரில் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று அவர் தலைமையில் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் செய்திகளைத் துளை அட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் சேமித்தனர். நாடாவில் நடுவிலுள்ள செய்தி வேண்டுமாயின் தொடக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டே போக வேண்டும். புத்தகத்தைப் புரட்டுவதுபோல் வேண்டிய பக்கத்துக்கு உடனே செல்ல வழியில்லை. இக்குறையைப் போக்க ஜான்சனின் குழுவினர் காந்தப் பூச்சுப் பூசிய தட்டுகளைச் சுழலவிட்டனர். 1956-ஆம் ஆண்டில் ராமாக் என்னும் கணிப்பொறியோடு அத்தட்டு நிலையம் வெளிவந்தது. இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் 50; எடை ஒரு டன்னுக்கு மேல். அதன் கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்றைய கணக்கில் நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. பொறித் தொகுதி முழுவதற்கும் மாத வாடகை 3,200 டாலர்.

என் சட்டைப் பையிலுள்ள கைப்பேசி எடுக்கும் நிழற்படம் ஒன்றை அந்த ஒரு டன் பொறியில் வைத்தால், பொறி ஏறக்குறைய நிறைந்துவிடும். இன்னும் வேடிக்கை ஒன்று உண்டு. அப்பொறியின் கொள்ளளவை மேலும் பெருக்கியிருக்கலாம் என்றும், அவ்வளவு இடத்தை எவரிடம் எப்படி விற்பது என்று விற்பனைப் பிரிவினர் தயங்கினர் என்றும் அத்தொழிலைச் சேர்ந்தவர்கள் பின்னாளில் கூறியதுண்டு. இடம் மிகுந்துவிடுமோ என்று அஞ்சிய காலமும் உலகில் இருந்திருக்கிறது!

இடம் அரிதாக இருந்த காலத்தில் மனிதன் எத்துணைக் கஞ்சனாக இருந்தான் என்பதற்கு ஒரு சான்று போதும். துளை அட்டையில் இருந்தவை 80 கட்டங்களே. ஆண்டைக் குறிக்க நான்கு கட்டங்களைச் செலவிட மனம் வராமல் 1965 என்பதை 65 என்று எழுதினர். தட்டுகள் வந்த பின்னரும் அப்பழக்கம் நீடித்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது 00 என்பதைப் பொறிகள் 1900 என்று கொள்ளுமோ என்று உலகமே நடுங்கியது. சேமித்த இரண்டு எழுத்துக்காக உலக நாடுகள் கோடிக்கணக்கில் செலவிட்டுப் பழைய கட்டளை நிரல்களைத் திருத்தின.

சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய நார்த்கோட் பார்க்கின்சன் 1955-ஆம் ஆண்டில் நகைச்சுவைக் கட்டுரை ஒன்று எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு காலம் கொடுக்கிறோமோ அவ்வளவு காலத்தையும் அவ்வேலை விழுங்கிவிடும் என்பது அதன் கருத்து. கணிப்பொறியாளர்கள் அதைச் சிறிது மாற்றி, எவ்வளவு இடம் கொடுத்தாலும் செய்தி அவ்வளவையும் விழுங்கும் என்று தமக்கு ஒரு விதி செய்துகொண்டனர். யுனிக்ஸ் என்னும் இயக்க முறைக்கு 1971-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட முதற்கையேட்டிலேயே, எவ்வளவு இடம் செலவாயிற்று, எவ்வளவு எஞ்சியுள்ளது என்று கேட்கும் இரண்டு கட்டளைகள் இடம்பெற்றுள்ளன. நம் வீட்டு வழக்கு அன்றே தொடங்கிவிட்டது போலும்.

இனி அந்த 160-இன் கதைக்கு வருவோம். அதற்கு முன், பெட்டியின் மேல் 500 என்று அச்சிட்டிருக்க, பொறி 465 என்று காட்டுகிறதே, அது ஏன் என்று பேரன் கேட்டான். இதில் திருட்டு ஒன்றுமில்லை. தட்டுச் செய்பவர் ஆயிரம் என்பதை 1,000 என்றே எண்ணுகிறார். எங்கள் பொறியோ இரண்டின் மடங்குகளாக எண்ணி 1,024-ஐ ஆயிரமாகக் கொள்கிறது. பட்டணம் படிக்கும் மரக்காலுக்கும் வேறுபாடு இருந்த பழங்காலத்து நெல் வாணிகம்தான் இது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1998-ஆம் ஆண்டில் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024-இன் மடங்குகளுக்குக் கிபிபைட்டு, மெபிபைட்டு என்று புதுப்பெயர்கள் சூட்டியது. சூட்டிய பெயர் ஊரார் வாயில் இன்னும் ஏறவில்லை.

மறைந்து உண்பவருள் முதல்வர் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து வந்தவர். அங்கு 1962-ஆம் ஆண்டில் டாம் கில்பர்ன் குழுவினர் அமைத்த அட்லஸ் கணிப்பொறியில் விரைவு நினைவகம் மிகச் சிறியது. ஆதலின் உடனே வேண்டாத பகுதிகளைச் சுழலும் காந்த உருளையில் ஒதுக்கி வைத்து, வேண்டும்போது மீட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தனர். மேசையில் இடம் போதாத மாணவன் பாதிப் புத்தகங்களைச் சன்னல் திண்டில் அடுக்குவதை ஒத்தது இது. நம் பொறியும் அவ்வாறே தன் தட்டில் பல கிகாபைட்டு இடத்தைத் திண்டாகப் பிடித்து வைத்திருக்கிறது. உறங்கப் போகும்போது தன் நினைவில் உள்ளதை எழுதி வைத்துக்கொள்ளவும் தனியே ஓர் இடம் பிடிக்கிறது.

அடுத்தவர் பெயர் கேஷ். காசு என்று எண்ணிவிடாதீர்கள். ஒளித்து வைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. ஒரு முறை பார்த்த படத்தையும் பக்கத்தையும் மறுமுறை விரைவாகக் காட்டுவதற்காகப் பதுக்கி வைப்பது இதன் தொழில். நாம் மறுமுறை பார்ப்பதே இல்லை. அதுவும் நம்பிக்கை இழப்பதே இல்லை.

மூன்றாவதை நான் என் கண்ணாலேயே கண்டேன். 1997-ஆம் ஆண்டில் பழைய மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு ஒரு கணிப்பொறியை நன்கொடையாக அளித்தனர். 1,200 மாணவர்க்கும் ஆளுக்கொரு கோப்பாக நூறு எழுத்துக் குறிப்பு எழுதி வைத்தேன். மொத்தம் 1,20,000 எழுத்துகள். ஆனால் செலவான இடமோ 3,93,21,600 பைட்டு! காரணம் இதுதான். அப்பொறியின் கோப்பு அட்டவணை முறையில், அத்தட்டின் அளவுக்கு, ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச்சிறு இடமே 32,768 பைட்டு. நான்கு பேர் அமரும் பெஞ்சில் ஒருவன் அமர்ந்தாலும் மற்றவன் அதில் அமரக் கூடாது என்பது அம்முறையின் சட்டம். அத்தனை குறிப்பையும் ஒரே கோப்பாக எழுதியிருந்தால் நான்கு பெஞ்சுகளில் அடங்கியிருக்கும். இதை எனக்குக் கற்பித்தவன் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

தமிழால் இடம் மிகுதியாகிறது என்று சிலர் கூறுவர். இன்று பெரிதும் வழங்கும் குறியீட்டு முறையில் அம்மா என்னும் சொல்லுக்கு 15 பைட்டு வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் 1,330 குறளையும் அம்முறையில் எழுதினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். காலை வணக்கம் கூறி ரோசாப்பூவோடு வரும் படங்கள் சிலவற்றுக்கே அவ்விடம் போதாது. அப்படங்களைப் பற்றி நகைக்க வேண்டா. இந்தியாவில் மூவரில் ஒருவருடைய கைப்பேசியில் நாள்தோறும் இடம் தீர்ந்துபோகிறது என்றும், அதற்குக் காலை வணக்கப் படங்களும் ஒரு காரணம் என்றும் 2018-ஆம் ஆண்டில் அமெரிக்க நாளேடு ஒன்று எழுதியது.

குற்றவாளிகள் அகப்பட்டனர், அழித்துவிடுவதுதானே என்பீர்கள். இங்கேதான் நான் தயங்குகிறேன்.

1969-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிலவில் மனிதன் முதன்முதல் அடி வைத்த காட்சியைப் பூமியில் இருந்த நிலையங்கள் காந்த நாடாக்களில் பதிந்தன. தொலைக்காட்சியில் உலகம் கண்டது, மாற்றி அனுப்பப்பட்ட தெளிவு குறைந்த படம். அந்நாடாக்களில் இருந்ததே தெளிவான மூலம். பல ஆண்டுகள் தேடிய பின்னர், நாடாத் தட்டுப்பாட்டுக் காலத்தில் அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டில் நாசா அறிவித்தது. அழித்தவர் எவரும் தீயவர் அல்லர். அவருக்கும் இடம் போதவில்லை, அவ்வளவே.

இதைச் சொல்லும் தகுதி எனக்குண்டு. ஏனெனில் நானும் அழித்தவன். அதே 2009-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் விடுமுறையில் சுற்றித் திரிந்து, 1964-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தனுஷ்கோடியை அழித்த புயலிலிருந்து தப்பிய முதியோர் பதினொருவரின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, பள்ளிப் பொறியில் இட்டிருந்தனர். கோப்புகளுக்குப் பெயர் இல்லை. பதிவுக் கருவி இட்ட எண்களே இருந்தன. தேர்வு விண்ணப்பப் படங்களுக்கு இடமில்லை என்று பொறி கூறிய நாளில், ஏதோ விளையாட்டின் எச்சம் என்று எண்ணி அவற்றை அழித்தேன். தொட்டியையும் காலி செய்தேன்.

அழித்தவை அன்றே அழிந்துவிடவில்லை என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. வருகைப் பதிவேட்டில் ஒருவன் பெயரை அடித்துவிட்டாலும், அவ்விடத்துக்கு வேறொருவன் வரும்வரை அவன் பெஞ்சிலேயே அமர்ந்திருப்பான். பழைய டாஸ் முறையில் கோப்பின் பெயரில் முதல் எழுத்து மட்டுமே நீக்கப்படும். 1991-ஆம் ஆண்டில் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில் மீட்புக் கட்டளை ஒன்று உண்டு. அது நம்மிடம் அந்த முதல் எழுத்தைக் கேட்டுப் பெற்று, கோப்பைத் திருப்பித் தரும். நாங்களும் அன்றே பொறியை நிறுத்தியிருந்தால் மீட்டிருக்கலாம். ஆனால் மாணவர்கள் வந்து கேட்பதற்குள் விண்ணப்பப் படங்களும், ஆண்டுவிழா நிகழ்ச்சிப் படமும் அவ்விடத்தில் அமர்ந்துவிட்டன.

அடுத்த ஆண்டு நானே குறிப்பேடும் பதிவுக் கருவியுமாகப் புறப்பட்டேன். பதினொருவரில் நால்வரே எஞ்சியிருந்தனர். அவருள் ஒருவர், வலை பின்னிக்கொண்டிருந்த முதிய மீனவர், "அன்னைக்கே பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேனே, சார்" என்றார். நடந்ததைச் சொன்னேன். சினம் கொள்ளவில்லை. சிறிது நேரம் வலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மீண்டும் சொன்னார். முதல்முறை அவர் அரைமணி நேரத்துக்கு மேல் பேசினார் என்றும், தம் தங்கையைப் பற்றி நெடுநேரம் சொன்னார் என்றும் உடன் வந்த மாணவன் திரும்பும் வழியில் கூறினான். இம்முறை அவர் பேசியது ஆறு நிமிடம். தங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த ஆறு நிமிடம் ஏறத்தாழ 6 மெகாபைட்டு. ஜான்சனின் ஒரு டன் பொறியில் அது அடங்காது. மூன்று வேறு இடங்களில் அதைப் படியெடுத்து வைத்திருக்கிறேன். சென்ற கோடையில் பேரனும் நானும் பரணைத் துப்புரவு செய்தபோது, ஒரே கோப்பு ஏன் மூன்று இடத்தில் இருக்கிறது, இரண்டை எடுத்துவிடலாமா என்று அவன் கேட்டான். இருக்கட்டும் என்றேன்.