பாடுகிறோம், எழுதியவரை அறிவோமா?



அழகர்கோவில் மலையடிவாரத்துச் சிற்றூர்களில் திருப்பலி முடித்துத் திரும்பும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். திருமாலிருஞ்சோலை என்று இந்த மலையைப் பெரியாழ்வாரும் ஆண்டாளும் நம்மாழ்வாரும் பாடினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், எந்தப் பாசுரம் யார் பாடியது என்பதை அங்கே சேவிப்பவர்கள் தவறாமல் சொல்வார்கள். சென்ற ஞாயிறு நாம் பாடிய வருகைப் பாடல் யார் எழுதியது என்று நமது பாடகர் குழுவைக் கேட்டேன். "பழைய பாட்டு சாமி" என்றார்கள். அதற்குமேல் பதில் இல்லை.

தவக்காலத்தில் ஊர்ப் பெரியவர்கள் கண்ணீரோடு இசைக்கும் வியாகுலப் பிரசங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதை இயற்றியவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676-1742). சாங்கோபாங்க சுவாமி என்று நம் முன்னோர் அழைத்தது இவரைத்தான். கோவாவில் பிறந்த இவர் தமிழரல்லர். 1705-இல் இலங்கைக்கு வந்தார். டச்சுக்காரர்களின் ஆட்சியில் கத்தோலிக்க மறை அங்கே ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. புனித யோசேப் வாஸ் அடிகளாருக்குத் துணையாக உழைத்தபடியே, சிங்களம், தமிழ் இரண்டையும் கற்று இரண்டிலும் நூல்கள் எழுதினார். வேற்றுமொழிக்காரர் ஒருவர் நம் ஒப்பாரியின் நெஞ்சைத் தொட்டுவிட்டார் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இதே காலத்தில் நம் மதுரை மறைத்தளத்தில் பணியாற்றிய வீரமாமுனிவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேம்பாவணியைத் தந்தவரே எளிய மக்கள் பாடுவதற்கென்று கித்தேரியம்மாள் அம்மானையையும் பாடினார் என்பது பலருக்குத் தெரியாது.

எழுதியவர்களையாவது தேடிப் பிடிக்கலாம். மொழிபெயர்த்தவர்கள் நிலை இன்னும் மோசம். நற்கருணை ஆசீரில் நாம் பாடும் 'தாந்தும் எர்கோ' 13-ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் இயற்றியது. அதை நாம் தமிழில் பாடுகிறோம். தமிழாக்கியவர் பெயரை எந்தப் பாட்டுப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அது இலேசான வேலையுமன்று. இலத்தீன் மெட்டு ஓரிடத்தில் நீண்டு நிற்கும். அங்கே தமிழில் குறில் வந்தால் பொருளே மாறிப்போகும். 'மலை' என்று எழுதியதை மக்கள் 'மாலை' என்று பாடுவார்கள், 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். ஆகவே மெட்டு நீளும் இடங்களுக்கெல்லாம் நெடில் தேட வேண்டும், பொருளும் குன்றக் கூடாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிக்கும் இத்தகைய சிக்கல் உண்டு. அம்மொழியில் சொல்லின் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். அங்கு பலரும் பாடும் 'தென்சி சா ரோஹோனி' என்ற நூலில் பெரும்பகுதி மேல்நாட்டுப் பாடல்களின் மொழிபெயர்ப்பே. சொல்லின் அழுத்தமும் மெட்டின் அழுத்தமும் ஒத்துப்போகாவிட்டால் காதுக்கு உறுத்தும்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டில் மக்கள் மொழிக்கு வழி திறந்தபோது, நம் அருள்பணியாளர்களும் உபதேசியார்களும் அவசர அவசரமாக இந்தப் பணியில் இறங்கினார்கள். அவசரத்தில் பெயர் எழுத மறந்தார்கள் போலும்.

பிரிந்த சகோதரர்களிடம் இந்தக் கணக்கு ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. ஜெர்மானியப் பாடல்களைத் தமிழாக்கிய ஃபப்ரீசியுஸ் ஐயரை (1711-1791) லூத்தரன் சபையார் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரோ (1774-1864) மொழிபெயர்ப்பை நம்பாமல், நம் இராகத்திலும் தாளத்திலும் தாமே பாடினார். நம் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர் 1853-இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் மிகுதியாக இடம்பெற்றன. அவற்றுள் சிலவற்றை நாமும் நம் பாட்டு என்று எண்ணிப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

சாஸ்திரியாரைப் பற்றி மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. கோயிலுக்குள் சாதி வேற்றுமையைக் கைவிட வேண்டும் என்று 1820-களில் புதிய மிஷனரிமார் வற்புறுத்தியபோது, அவர் அதை எதிர்த்து எழுதினார். (நாமும் இதில் கைகழுவிக்கொள்ள முடியாது. தனி இடமும் தனிக் கல்லறையும் நம்மிடமும் இருந்தன.) அவர் பாடல்களை நான் விடச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு பாடுவோம் என்கிறேன்.

நம்மவரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826-1889) கதையே வேறு. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை எழுதிய கத்தோலிக்கர் அவர். அவருடைய பாடல்களை நம் கோயில்களில் கேட்டதைவிடக் கச்சேரி மேடைகளில்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் ஒரு பழைய நோட்டு. நான் முன்பு பணியாற்றிய பங்கில் ஓர் உபதேசியார் ஆண்டுதோறும் திருவிழாவுக்குப் பாட்டு எழுதுவார். அவர் இறைவனடி சேர்ந்த பிறகு, அவற்றில் ஒன்று யாரோ வெளியிட்ட ஒலிநாடாவில் வந்தது. உறையில் 'பாரம்பரியப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். அவருடைய மகள் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார், ஒன்றும் பேசவில்லை. சென்ற மாதம் அந்த நோட்டையே கொண்டுவந்து கொடுத்தார். மொத்தம் 17 பாடல்கள், ஒவ்வொன்றின் கீழும் தேதியும் மெட்டும் அவர் கையெழுத்தில்.

நமது பங்கின் பாட்டுப் புத்தகம் அடுத்த முறை அச்சாகும்போது, தெரிந்த ஆசிரியர் பெயர்களைப் பாடலின் கீழே போட இருக்கிறோம். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதேனும் நோட்டு இருந்தால், அருள்கூர்ந்து பங்கு இல்லத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.