சீமாட்டியின் செருப்பு: ஒரு பூச்செடியின் நானூறு வருடக் கதை

ஆர்க்கிட் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கல்யாண மேடையில் சொருகி வைக்கும் ஊதாப் பூக்கள்தான். கொஞ்சம் செடி ஆர்வம் உள்ளவர்களுக்கு, மரக்கிளையில் தொற்றிக்கொண்டு வேரைக் காற்றில் தொங்கவிடும் செடிகள் நினைவுக்கு வரலாம். ஆனால் மற்ற செடிகளைப் போலவே மண்ணில் வேர்விட்டு வளரும் ஆர்க்கிட்களும் நிறைய உண்டு. குளிர்நாடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகைதான். பனிக்காலத்தில் மண்ணுக்கு மேல் ஒன்றுமே தெரியாது. கிழங்கும் மொட்டும் மண்ணுக்குள் தூங்கும். வசந்தம் வந்ததும் மறுபடி முளைத்து வரும்.

அப்படிப்பட்ட ஒரு செடியின் பெயர் லேடீஸ் ஸ்லிப்பர். தமிழில் சொன்னால் சீமாட்டியின் செருப்பு! மஞ்சள் நிறத்தில் உப்பிய ஒரு பை, அதைச் சுற்றி முறுக்கிய பழுப்புச் சிவப்பு இதழ்கள். பார்க்க அசல் குட்டிச் செருப்பு மாதிரியே இருக்கும். 1753ல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் சிப்ரிபீடியம் கால்சியோலஸ். இரண்டாவது சொல்லுக்கு லத்தீனில் சின்னக் காலணி என்றே அர்த்தம்.

இங்கிலாந்தில் இந்தச் செடி பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை. அழகாக இருப்பது ஒரு செடிக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

காட்டிலிருந்து தோட்டத்துக்கு

ஜான் பார்க்கின்சன் லண்டனில் மருந்துச் சரக்கு வியாபாரி, பெரிய தோட்டப் பிரியரும் கூட. 1629ல் அவர் வெளியிட்ட தோட்டக்கலைப் புத்தகத்தில் இந்தச் செடி வருகிறது. வட இங்கிலாந்தில் இங்கிள்பரோ மலைக்குப் பக்கத்தில் ஹெல்க்ஸ் என்ற காட்டில் இது வளர்கிறது என்றும், தாமஸின் டன்ஸ்டால் என்ற பெண்மணி அங்கிருந்து தனக்குப் பலமுறை கிழங்குகளை அனுப்பினார் என்றும் நன்றியோடு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் இது தப்பே இல்லை. காடு பெரிது, செடிகள் ஏராளம், கேட்பவர்கள் ஒருசிலர்.

போகப்போகக் கேட்பவர்கள் பெருகினார்கள். யார்க்‌ஷயரில் செட்டில் என்ற ஊர்ச் சந்தையில் இந்தப் பூக்களைக் கொத்துக் கொத்தாக விற்றிருக்கிறார்கள். 19ம் நூற்றாண்டில் இங்கிலாந்து முழுக்க ஆர்க்கிட் பைத்தியம் பிடித்து ஆட்டியது. பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி வெப்பநாட்டு ஆர்க்கிட்களை வளர்த்தார்கள். கண்ணாடி வீடே தேவையில்லாமல் வாசல் தோட்டத்தில் வளரக்கூடிய உள்நாட்டு ஆர்க்கிட் ஒன்று இருந்தால் விடுவார்களா?

இங்கேதான் ஒரு விஷச் சுழல் தொடங்கியது. காட்டில் தோண்டும்போது செடியின் வேர்கள் அறுபடும். தோட்டக்காரர்கள் ரோஜாவுக்குப் போடுவது போல எருவைக் கொட்டுவார்கள். செடி ஒன்றிரண்டு வருடம் பூத்துவிட்டு அழுகிப் போகும். உடனே காட்டிலிருந்து இன்னொன்று வாங்குவார்கள். அதாவது, தோட்டத்தில் செடி சாகச் சாகச் சந்தையில் கிராக்கி கூடியது. சரக்கு குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏற, மிச்சம் இருந்ததையும் தேடித் தேடித் தோண்டினார்கள். பொருளாதாரப் பாடத்தில் தேவையும் அளிப்பும் என்று படிப்பதுதான் இது. ஒரே வித்தியாசம், இந்தச் சரக்கை உற்பத்தி செய்ய யாருக்கும் தெரியாது.

முடிவு என்ன ஆனது? 1917ல் இந்தச் செடி பிரிட்டனிலிருந்து அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

விதை ஏன் முளைக்கவில்லை?

விதை போட்டு வளர்த்திருக்கலாமே என்று தோன்றும். அதில்தான் சிக்கல். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரே காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் நெல்லிலும் தேங்காயிலும் இருப்பது போல, முளைக்கும் கருவுக்குத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. காற்றில் வெகுதூரம் பறந்து போகலாம், ஆனால் கையில் கட்டுச்சோறு இல்லாத பயணம்!

1899ல் இந்தப் புதிரை அவிழ்த்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். அப்போது அவருக்கு வயது 25. ஒரு காட்டு ஆர்க்கிட்டின் விதைகள் மண்ணில் முளைத்திருந்ததைப் பார்த்து ஆராய்ந்தபோது, முளைத்த ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு பூஞ்சை இருந்தது. அந்தப் பூஞ்சைதான் குட்டிச் செடிக்குச் சோறு போடுகிறது என்பது தெரிய வந்தது. அவர் 1911லேயே இறந்துவிட்டார்.

1922ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் நட்சன் அடுத்த படியைத் தாண்டினார். கிருமி நீக்கிய புட்டியில் அகர் என்ற கடற்பாசிக் கூழை ஊற்றி, சர்க்கரையும் உப்புச் சத்துகளும் சேர்த்தால் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதை முளைக்கும் என்று காட்டினார். வெப்பநாட்டு ஆர்க்கிட் தொழில் இதனால் எங்கேயோ போய்விட்டது. ஆனால் குளிர்நாட்டுத் தரை ஆர்க்கிட்கள் லேசில் மசியவில்லை.

ஒற்றைச் செடிக்குக் காவல்

இதற்கிடையில் 1930ல் ஓர் அதிசயம் நடந்தது. அழிந்துவிட்டது என்று கைகழுவிய செடி யார்க்‌ஷயர் மலைச்சரிவு ஒன்றில் மறுபடி கண்ணில் பட்டது. கூட்டமாக இல்லை, ஒரே ஒரு செடி!

கண்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. இடம் எது என்பது பல வருடங்கள் ஒருசிலருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. 1970ல் இந்தச் செடிக்காகவே ஒரு குழு அமைந்தது. பூக்கும் காலத்தில் ஆள் போட்டுக் காவல் காத்தார்கள். 1975ல் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. இன்றும் அந்த இடத்தை வெளியே சொல்வதில்லை.

காவல் காத்தால் செடி சாகாது, சரி. ஆனால் பெருகாதே? 1983ல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில், சைன்ஸ்பரி தம்பதியர் கொடுத்த நிதியில் ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. முற்றிய விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது என்பதால், காய் பச்சையாக இருக்கும்போதே விதையை எடுத்துப் புட்டியில் விதைக்கும் முறை கைகொடுத்தது.

இன்னொரு தடையும் இருந்தது. ஒற்றைச் செடியைத் தன்னோடு தானே சேர்த்தால் சந்ததி பலவீனமாகும். வேறு மகரந்தத்துக்கு எங்கே போவது? இங்கேதான் கதை திரும்புகிறது. எப்போதோ காட்டிலிருந்து தோண்டிக்கொண்டு போனவற்றில் ஒருசில செடிகள் பழைய தோட்டங்களில் சாகாமல் இருந்தன. அவற்றையும் பயன்படுத்தியே கலப்பு மகரந்தச் சேர்க்கை செய்தார்கள். காட்டை மொட்டையடித்த அதே தோட்டங்கள்தான் கடைசியில் கைகொடுத்தன!

1989லிருந்து நாற்றுகளைப் பழைய இடங்களில் நடத் தொடங்கினார்கள். அப்படி நட்டதில் முதல் பூ எப்போது வந்தது தெரியுமா? 2000ல். பதினோரு வருடக் காத்திருப்பு!

இன்று தோட்டத்தில்

இன்று ஐரோப்பாவில் இந்தச் செடியையும் இதன் கலப்பினங்களையும் நாற்றுப்பண்ணைகள் ஆய்வகத்தில் வளர்த்து விற்கின்றன. கலப்பினங்கள் தோட்டத்தில் இன்னும் சுலபமாகத் தேறுகின்றன. பழைய தோட்டக்காரர்கள் செய்த தப்புகளும் இப்போது தெளிவாகத் தெரியும். இலையுதிர் காலத்தில், செடி தூங்கும்போது நட வேண்டும். வேர்களைச் சுற்றிலும் விரித்து, மொட்டு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது, கோடையில் காயவும் கூடாது. காலை வெயில் போதும், மதியம் நிழல் வேண்டும். எரு கொட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறைபனி அளவுக்குக் குளிர்காலம் வேண்டும். அதனால் சென்னை, மதுரை மொட்டைமாடிகளில் இதற்கு வேலையில்லை. நம் ஊர் நர்சரிகளில் தரை ஆர்க்கிட் என்று கிடைக்கும் ஸ்பாதோகிளாட்டிஸ் வேறு இனம், வெப்பம் தாங்கும்.

காவல்காரர்களும் சட்டமும் இந்தச் செடியின் உயிரைப் பிடித்து வைத்தார்கள். ஆனால் தோண்டுகிறவனின் லாபத்தில் கைவைத்தது அந்தக் கண்ணாடிப் புட்டிதான். கடையில் ஆரோக்கியமான நாற்று கிடைக்கும்போது, சாகப்போகும் காட்டுச் செடியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஆசைப்படாதே என்று மனிதனிடம் சொல்லிப் பயனில்லை. அந்த ஆசைக்கு நேர்மையான ஒரு வழியைத் திறந்து விட்டால், காடு தப்பிக்கும்.

அதற்கு நட்சனின் புட்டியும், பெர்னாரின் பூஞ்சையும், யார்க்‌ஷயர் மலையில் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த ஒருசிலரின் பொறுமையும் தேவைப்பட்டன.