மாத்தளை வானில் பெல் 212

இலங்கைத் தமிழர் பேச்சில் 'ஹெலி' என்பது வெறும் ஊர்தியின் பெயரன்று. அந்தச் சொல்லுக்குள் ஒரு காலகட்டமே அடங்கியிருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மாத்தளை மலைகளைச் சிதைத்தபோது அந்தச் சொல் மீண்டும் எல்லோர் வாயிலும் வந்தது. ஆனால் இம்முறை அதன் பொருள் வேறாக இருந்தது. அந்த மாற்றத்தைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

இலங்கை விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டருக்கு ஒரு முன்னோடி உண்டு. வியட்நாம் போரில் பெயர்பெற்ற 'ஹியூயி' ரகமே அது. அதன் ஒற்றை இயந்திரத்தை இரட்டை இயந்திரமாக்கி உருவாக்கப்பட்ட பெல் 212, 1968இல் முதன்முதலாகப் பறந்தது. விமானி உட்படப் பதினைந்து பேர்வரை ஏற்றவல்லது. அகன்ற இரண்டே இரண்டு விசிறிகள் காற்றை அறைவதால் எழும் கனத்த ஓசையே அதன் அடையாளம். கண்ணுக்குத் தெரியுமுன்னரே காது அதனை அறிந்துகொள்ளும். 1998இல் இதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

மாத்தளை மாவட்டத்துக்கும் வான்படைக்கும் உள்ள தொடர்பு பழையது. சீகிரியாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே பிரித்தானியர் விமான ஓடுபாதை அமைத்திருந்தனர். இன்று அங்கே விமானப்படைத் தளம் உண்டு. அதற்கு அப்பால், அயல் மாவட்டமான பொலன்னறுவையின் ஹிங்குராக்கொடவில், பெல் 212களை இயக்கும் 7ஆவது ஸ்குவாட்ரனின் தளம் இருக்கிறது.

நாட்டின் ஹெலிகொப்டர் வரலாறு முரண்கள் நிறைந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது அமெரிக்கா வழங்கிய சிறிய பெல் ஹெலிகொப்டர்கள் கிளர்ச்சியாளருக்கு எதிராகப் பறந்தன. மறு ஆண்டு மார்ச் மாதமே விமானப்படையின் 4ஆவது ஸ்குவாட்ரன், 'ஹெலிடுவர்ஸ்' என்ற பெயரில், வெளிநாட்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிற்று. போருக்கும் பொழுதுபோக்குக்கும் இடையே ஓராண்டே இடைவெளி.

1980களின் நடுப்பகுதியில் பெல் 212கள் வந்தபோது பொழுதுபோக்குக்கு இடமிருக்கவில்லை. பக்கக் கதவுகளில் இயந்திரத் துப்பாக்கிகள் பொருத்தப்பட்டு அவை வடக்கு, கிழக்கு வானில் வலம்வந்தன. ஓசை கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடிய தாய்மாரின் நினைவில் 'ஹெலி' பதிந்தது அப்போதுதான். 1987 மே மாத வடமராட்சி நடவடிக்கையின்போது அந்த ஓசை உச்சத்தை எட்டியது. அதே ரக ஹெலிகொப்டர்களே 1990இல், முற்றுகைக்குள்ளான யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து காயப்பட்ட படையினரை மீட்டன. ஒரே ஊர்தி, ஒரே ஓசை. ஒருவருக்கு உயிர்ப்பிச்சை, இன்னொருவருக்கு உயிர்ப்பயம். 1995இல் மி-24 தாக்குதல் ஹெலிகொப்டர்கள் வந்தபின் பெல் 212இன் பணி பெரும்பாலும் ஆள்களையும் பொருள்களையும் காயப்பட்டோரையும் சுமப்பதாக மாறிற்று.

இந்த வரலாற்றில் மாத்தளைத் தமிழர் எங்கே நிற்கின்றனர்? 1977 ஓகஸ்ட் வன்செயல்களின்பின் மலையகத் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தனர். 1983 ஜூலையில் மாத்தளை நகரமும் எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. அதன்பின்னும் பலர் வடக்கே போயினர். பாதுகாப்பைத் தேடிச் சென்ற அந்த மக்களே வன்னியில் ஹெலியின் கீழே வாழ நேர்ந்தது. அத்தகைய குடும்பங்கள் சிலவற்றை என் பத்திரிகைப் பணிக்காலத்தில் சந்தித்திருக்கிறேன். "மலையில் கும்பலுக்குப் பயந்தோம், இங்கே வானத்துக்குப் பயந்தோம்" என்று ஒரு முதியவர் சொன்னது இன்றும் மறக்கவில்லை. தோட்டத்தை விட்டுப் போகாத அவருடைய தம்பிக்கோ ஹெலி என்பது பத்திரிகைச் செய்தி மாத்திரமே.

போர் 2009இல் முடிந்தது; பெல் 212இன் சேவை முடியவில்லை. 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது தீயணைப்புத் தூளைக் கொட்டியது அதுவே. 2025 மே 9ஆம் திகதி, மாதுரு ஓயாவில் விசேட படையணியின் பயிற்சி நிறைவு விழாவுக்காகப் பறந்த ஒரு பெல் 212 நீர்த்தேக்கத்தில் வீழ்ந்தது. பன்னிரண்டு பேரில் அறுவர் உயிரிழந்தனர்.

ஆறு மாதங்களின்பின் டித்வா வந்தது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டிய தோட்டங்களிலும் கிராமங்களிலும் வாழ்வோர் தரைவழித் தொடர்பை இழந்தால் வானத்தை நோக்குவதன்றி வேறு வழியில்லை. உணவும் மருந்தும் சுமந்து மலைநாட்டின்மேல் ஹெலிகொப்டர்கள் பறந்தன. வன்னியில் பதுங்குகுழியைத் தேடவைத்த ஓசை, இங்கே மக்களை வெட்டவெளிக்கு ஓடிவந்து கைகாட்ட வைத்தது.

நவம்பர் 30ஆம் திகதி, நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த ஒரு பெல் 212 லுணுவிலவில் கிங் ஓயாவில் வீழ்ந்தது. விமானி விங் கமாண்டர் நிர்மல் சியம்பலாபிட்டிய உயிரிழந்தார். அந்த ரக ஹெலிகொப்டர்கள் இலங்கைக்கு வந்த காலத்தில் அவர் சிறு குழந்தை. வெள்ளத்தில் தவித்த மக்களுக்காகப் பறந்து மடிந்த அவருக்குத் தலைவணங்குவதில் எந்தத் தமிழருக்கும் தயக்கம் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நன்றி பழைய நினைவை அழித்துவிடாது, அழிக்கவும் கூடாது. தென்னிலங்கை ஏடுகளில் பெல் 212 வீரத்தின் சின்னம். வடக்கின் நினைவில் அச்சத்தின் சின்னம். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் வரலாறு இன்னும் நமக்கு வாய்க்கவில்லை. மாத்தளையிலிருந்து வடக்கே போன அண்ணனும் தோட்டத்திலேயே தங்கிய தம்பியும் ஒரே ஓசையை வெவ்வேறாகக் கேட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த இந்த ஊர்திகள் ஒருநாள் அருங்காட்சியகத்துக்குப் போகும். அவற்றின் அருகே வைக்கப்படும் பெயர்ப்பலகையில் அந்த இரு சகோதரர்களின் அனுபவத்துக்கும் இடம் இருக்க வேண்டும்.